மரப்பட்டையில் எழுதியிருப்பது: சிங்கப்பூர் லைக்கன் நாட்குறிப்பு

வெள்ளி, தேக்கா

காலையில் வந்து இறங்கியதும் ஈசூனில் அக்கா வீடு. குளித்துச் சாப்பிட்டு முடிப்பதற்குள் அக்கா கேட்டுவிட்டாள், "இவ்வளவு தூரம் வந்து மரப்பட்டையையா பார்க்கப் போறே?" என்று. ஆமாம், அதற்குத்தான் வந்திருக்கிறேன். மதுரையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறேன். மரத்திலும் பாறையிலும் திட்டுத்திட்டாக ஒட்டி வாழும் லைக்கனைச் சிறுமலையிலும் பழனி மலையிலும் பார்த்துப் பழகிய கண் இது. மலையில் லைக்கன் இருப்பதில் வியப்பில்லை. நிலநடுக்கோட்டுக்கு ஒட்டினாற்போல் இருக்கிற ஒரு பெருநகரத்தில் என்ன இருக்கிறது, அது எதைச் சொல்கிறது என்று பார்க்க ரொம்ப நாளாக ஆசை.

மாலையில் அக்காவோடு இந்தியக் கடைகள் நிறைந்த தேக்காவுக்குப் போனேன். மசாலா சாமான் கடையில் பட்டை, அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு வரிசையில் கல்பாசிப் பொட்டலமும் தொங்கியது. வாங்கி அங்கேயே பிரித்தேன். ஒரு துண்டை எடுத்துப் பார்த்தால் ஒரு பக்கம் சாம்பல் வெள்ளை, மறுபக்கம் கருப்பு, ஓரம் சுருண்டு மொறமொறவென்று இருக்கிறது. கூட வந்த அக்கா மகளிடம், "இதுதான் லைக்கன்" என்றேன். "செட்டிநாட்டுக் குழம்புல போடுறதா சித்தி?" என்று அவள் கையில் வாங்கிப் பார்த்தாள். பார்மோட்ரீமா பெர்லேட்டம் என்ற இனம் இது. பொட்டலத்தில் அதன் உறவுக்காரர்களும் சேர்த்தியாக வருவதுண்டு.

அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன். லைக்கன் தனி ஓர் உயிர் அன்று. பூஞ்சை வீடு கட்டும், அதற்குள் பச்சைப்பாசியோ நீலப்பச்சைப் பாசியோ குடியிருந்து வெயிலில் உணவு சமைக்கும். 1860களில் சுவிட்சர்லாந்தின் சிமோன் ஷ்வெண்டெனர் இதைச் சொன்னபோது அன்றைய லைக்கன் அறிஞர்கள் பலர் ஏற்கவே இல்லை. இந்தக் கூட்டுக் குடித்தனத்துக்கு வேர் கிடையாது. இலைகளுக்கு இருக்கிற மெழுகுப் பூச்சும் கிடையாது. தண்ணீர், உப்பு, உலோகம், புகை என்று காற்றிலும் மழையிலும் எது வந்தாலும் உடம்பு முழுக்க வாங்கிக்கொள்ளும், இலையுதிர்த்து வெளியேற்றவும் வழியில்லை. காற்றைப் பற்றித் தெரிந்துகொள்ள லைக்கனைப் பார்க்கிறார்கள் என்றால் காரணம் இதுதான்.

கொடைக்கானலை நினைத்துக்கொண்டேன். அங்கே தெர்மாமீட்டர் தொழிற்சாலையிலிருந்து பரவிய பாதரசத்தை மரத்து லைக்கனிலும் பாசியிலும் அளந்து 2003இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. மனிதர்கள் மறுத்தாலும் லைக்கனின் உடம்பில் அது இருந்தது.

சனி, பூமலை

சிங்கப்பூர்த் தமிழர்களில் பெரியவர்கள் தாவரவியல் பூங்காவைப் பூமலை என்றுதான் சொல்கிறார்கள். 1859இல் தொடங்கியது, 2015இல் யுனெஸ்கோ உலக மரபுடைமை ஆனது. ஐந்து வெள்ளித் தாளில் இருக்கிற தெம்புசு மரமும் இங்கேதான் நிற்கிறது. எல்லாரும் அதன் தாழ்ந்த கிளையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் பனைகள் நிற்கிற பக்கம் போனேன்.

லைக்கன் பார்க்கப் பழகுகிறவர்களுக்குப் பனை, பாக்கு வகை மரங்களைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. தண்டு வழவழப்பாக இருக்கும், வெளிச்சம் தாராளமாகப் படும். நம் ஊர்த் தென்னையில் சுண்ணாம்பு தெறித்ததுபோல் வட்ட வட்டமாக வெள்ளைத் திட்டுகள் இருக்குமே, அவை அனேகமாக லைக்கன்தான். இங்கேயும் அப்படித்தான்: வெள்ளை, வெளிர்பச்சை, சாம்பல் என்று திட்டுகள் ஒன்றையொன்று முட்டி நிற்கின்றன. முட்டும் இடத்தில் மெல்லிய கருப்புக் கோடு, எல்லை போட்டதுபோல. இரண்டு லைக்கன்கள் சந்திக்கிற வரப்பு அது.

கைலென்ஸைக் கண்ணோடு ஒட்டிவைத்து, மூக்கு மரத்தில் படும் அளவுக்குக் குனிந்தால்தான் உள்ளே போக முடியும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். ஒரு வெள்ளைத் திட்டில் கருப்புக் கீறல்கள் தெரிந்தன. சில நேராக, சில வளைந்து, சில இரண்டாகக் கிளைத்து. ஒவ்வொரு கீறலுக்கும் இரண்டு தடித்த உதடுகள், நடுவே குறுகிய பிளவு. அந்தப் பிளவுக்குள்ளிருந்துதான் பூஞ்சையின் வித்துகள் வெளியேறும். கிராஃபிஸ் பேரினம் இது. வெப்பமண்டலத்தில் ஏராளமான இனங்கள். எந்த இனம் என்று சொல்ல லென்ஸ் போதாது. ஒரு கீறலைக் குறுக்கே அறுத்து நுண்ணோக்கியில் வித்தின் அறைகளை எண்ணவேண்டும். பூங்காவிலும் காப்பகங்களிலும் அனுமதியில்லாமல் எதையும் பெயர்த்து எடுக்கக்கூடாது, எனவே "கிராஃபிஸ்" என்று மட்டும் குறித்துக்கொண்டேன். பெயர் முழுதாகத் தெரியாததை முழுதாக எழுதக்கூடாது என்பதில் நான் பிடிவாதக்காரி.

கிராஃபிஸுக்குள் குடியிருப்பது டிரென்டிபோலியா என்ற பாசி. வகைப்படி பச்சைப்பாசிதான், ஆனால் கரோட்டின் நிறமி நிறைந்திருப்பதால் ஆரஞ்சாகத் தெரியும். தனியாகவும் வாழும்: ஈரமான சுவர்களிலும் மரங்களிலும் துரு ஏறியதுபோல் ஆரஞ்சுப் பூச்சாகப் படர்ந்திருப்பது பல இடங்களில் இதுவே. அதை லைக்கன் என்று எண்ணிக் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது. ஐரோப்பாவின் நகர மரங்களில் காணும் இலைவடிவ, புதர்வடிவ லைக்கன்கள் இங்கே தாழ்நிலத்தில் குறைவு. பட்டையோடு ஒட்டிய படல வகைகளே ஆட்சி செய்கின்றன. வந்து பார்த்துவிட்டு "சிங்கப்பூரில் லைக்கனே இல்லை" என்று சொல்பவர்கள் இலையும் புதருமாகத் தேடியிருப்பார்கள்.

1866இல் வில்லியம் நைலாண்டர் பாரிசில் கவனித்தார்: லக்சம்பர்க் தோட்டத்தில் இருக்கிற லைக்கன்கள் நகரின் மற்ற பகுதிகளில் இல்லை. காற்றின் தூய்மைக்கு இவற்றை அளவுகோலாக்கலாம் என்ற எண்ணம் அங்கே பிறந்தது. 1970இல் டேவிட் ஹாக்ஸ்வொர்த்தும் பிரான்சிஸ் ரோஸும் இங்கிலாந்து, வேல்ஸ் மரங்களை வைத்துக் கந்தக டைஆக்சைடுக்குப் படிநிலை அட்டவணையே போட்டார்கள். எந்த இனம் இருக்கிறது என்று பார்த்துக் குளிர்காலக் காற்றில் கந்தகம் ஏறக்குறைய எவ்வளவு என்று சொல்லிவிடலாம். அருமையான வேலை. ஆனால் அந்த அட்டவணையை இங்கே கொண்டுவந்து விரித்தால் அதில் உள்ள இனங்களில் பெரும்பாலானவை இந்த மரங்களில் கிடையாது. வெப்பமண்டலம் தன் அட்டவணையைத் தானே எழுதிக்கொள்ளவேண்டும். பெர்லின் தாவரவியல் பூங்காவின் ஹாரி சிப்மன் சிங்கப்பூர் நகர மரங்களின் லைக்கன்களைப் பற்றி 2009இல் எழுதியது அதற்கு நல்ல அடித்தளம்.

ஞாயிறு, புக்கித் தீமா

163 மீட்டர் உயரக் குன்று, சிங்கப்பூரில் இதைவிட உயரம் கிடையாது. அக்கா மகளும் வந்தாள். அடிவாரத்தில் திறந்த வெளிச்சத்தில் நின்ற மரங்களில் வெள்ளைத் திட்டுகள். காட்டுக்குள் நுழைந்து கொஞ்ச தூரம் ஏறியதும் அடிமரங்கள் வெறுமையாகத் தெரிந்தன. "நகரத்துல இருந்தது காட்டுக்குள்ள ஏன் இல்ல சித்தி? இங்கதானே காத்து சுத்தம்?" என்றாள்.

இந்தக் கேள்விக்காகத்தான் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தேன் என்று சொல்லலாம்.

கவிந்த காட்டின் அடியில் வெளிச்சம் மிகக் குறைவு. நகரத்து மரத்தில் வெயிலில் வாழும் லைக்கன் இங்கே பட்டினி கிடக்கும். ஆக, வெற்று மரம் என்றால் அழுக்குக் காற்று, திட்டு நிறைந்த மரம் என்றால் சுத்தக் காற்று என்று முடிவுகட்டினால், இந்தத் தீவிலேயே பழைய காட்டுக்கு மட்டமான மதிப்பெண் போட்டுவிட்டு நெடுஞ்சாலை ஓரத்துக்குப் பரிசு கொடுத்துவிடுவோம். எந்த லைக்கன் என்ற கேள்வியைக் கேட்காமல் எவ்வளவு லைக்கன் என்று கேட்பதால் வரும் விபரீதம்.

காட்டின் லைக்கன்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. ஒன்று, மேலே, கவிகையில். அதைக் கீழிருந்து பார்க்க எளிய வழி, காற்றுமழைக்குப் பிறகு விழுந்துகிடக்கும் கிளைகள். பாதையோரம் ஒரு கிளை கிடந்தது, விரல் தடிமன்தான். அதை எடுக்காமல் அப்படியே குந்தி உட்கார்ந்து பார்த்தோம். ஒரு முழ நீளத்துக்குள் சாம்பல், ஆலிவ் பச்சை, மஞ்சள் தூள் என்று விதவிதமான படலங்கள். அடிமரத்தில் காணாத கூட்டம் அது.

இரண்டாவது இடம் இலை. ஈரமான வெப்பமண்டலக் காட்டில் சில லைக்கன்கள் உயிருள்ள இலைமேலேயே வாழும். அடிக்காட்டுச் செடிகளின் தடித்த இலைகள் பல ஆண்டுகள் உதிராமல் இருப்பதால், அதற்குள் வளர்ந்து வித்துவிட நேரம் கிடைக்கிறது. நடைபாதைக்குப் பக்கத்தில் ஒரு பழைய இலையைச் சாய்வாக வெளிச்சத்தில் பார்த்தால், அரிசி அளவிலிருந்து பொட்டு அளவு வரை வெளிர்பச்சை வட்டங்கள், நடுவில் ஊசிமுனைக் கரும்புள்ளிகள். ஸ்ட்ரிகுலா வகையாக இருக்கலாம், போரினாவாகவும் இருக்கலாம். பக்கத்திலேயே புதுத் தளிர் பளபளவென்று சுத்தமாக இருந்தது. ஒரே செடியில் இலையின் வயதைப் படித்துவிடலாம்.

இலை லைக்கன்கள் காட்டின் ஈரத்தைக் காட்டிக்கொடுக்கும். காட்டை வெட்டித் திறந்தால், ஓரத்தில் வெயிலும் காற்றும் புகுந்து உள் ஈரம் குறையும், நிழல் இனங்கள் விலகி வெளிச்ச இனங்கள் வரும். புக்கித் தீமாவை நடு நீர்ப்பிடிப்புக் காட்டிலிருந்து விரைவுச்சாலை பிரித்தது, 2013இல் விலங்குகளுக்காகச் சாலைக்கு மேலே இக்கோ-லிங்க் பாலம் வந்தது. எறும்புதின்னி கடந்ததைக் கேமரா காட்டும். காட்டோரத்தின் ஈரம் திரும்புகிறதா என்பதைக் காட்ட அடிச்செடி இலைகளை ஆண்டுதோறும் பார்க்க ஆள் வேண்டும்.

இறங்கும்போது மழை கொட்டியது. நனைந்த திட்டுகள் எல்லாம் சில நிமிடங்களில் பச்சை ஏறிவிட்டன: மேல்தோல் ஈரத்தில் கண்ணாடியாகி உள்ளிருக்கும் பாசி தெரிகிறது.

திங்கள், ஈசூன்

இன்று வெளியூர் எங்கும் போகவில்லை. அக்கா வீடு இருக்கிற வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கைச் சுற்றியுள்ள மரங்கள்தான். வந்ததிலிருந்து எனக்கு மிகவும் பிடித்த நாள் இதுவே.

ஐரோப்பாவில் 2014இல் வந்த தரமுறை ஒன்று இருக்கிறது. பத்து சென்டிமீட்டர் பக்கமுள்ள ஐந்து சதுரங்களை ஏணிபோல் செங்குத்தாக அடுக்கி, தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் தொடங்கி மரத்தின் நான்கு திசையிலும் வைக்கவேண்டும். ஒவ்வோர் இனமும் எத்தனை சதுரத்தில் இருக்கிறது என்று எண்ணவேண்டும். ஒரு திசைக்கான கூட்டுத்தொகைகளை அந்த இடத்து மரங்கள் எல்லாவற்றுக்கும் சராசரி எடுத்து, நான்கு திசைச் சராசரிகளையும் கூட்டினால் அந்த இடத்தின் லைக்கன் பன்மை மதிப்பு. அக்கா மகள் கெட்டி பிளாஸ்டிக் தாளிலும் மீன் நரம்பிலும் அழகான ஏணி ஒன்று செய்து வைத்திருந்தாள்.

முதல் மரம் அங்சானா. பட்டை வெடித்து மேடுபள்ளமாக இருந்தது. மேடுகளின்மேல் வெளிர்சாம்பல் ரோஜாபோல் ஒரு லைக்கன். மடல்கள் பட்டையோடு அப்படியே ஒட்டி, ஒன்றோடொன்று இணைந்து ஓரத்தில் மட்டும் விசிறியாகப் பிரிகின்றன. நடுப்பகுதியில் மாவு உருண்டைகள்: அவற்றில் பூஞ்சை இழையும் பாசியும் சேர்ந்தே இருக்கும், காற்றிலோ மழையிலோ உதிர்ந்து வேறிடத்தில் புதுக் குடித்தனம் தொடங்கும். டிரினேரியா பிக்டா. தெற்காசிய, தென்கிழக்காசிய நகரங்களின் பழைய நண்பர், மதுரையிலும் பார்த்திருக்கிறேன்.

சிங்கப்பூரில் இந்த இனத்துக்கு ஒரு தனி வரலாறு உண்டு. தீவின் வெவ்வேறு இடங்களிலிருந்து இதைச் சேகரித்து, உடம்பில் தேங்கிய செம்பு, ஈயம், துத்தநாகம் போன்ற உலோகங்களை அளந்த ஆய்வு 2006இல் வெளியானது. இதை நான் மிகவும் மதிக்கிறேன். எத்தனை இனம் என்று எண்ணுவதில் வெளிச்சம், பட்டை, ஈரம் எல்லாம் குழப்பும். ஒரே இனத்தை எடுத்து அதனுள் என்ன சேர்ந்திருக்கிறது என்று பார்த்தால் அந்தக் குழப்பம் பெரிதும் குறைகிறது. ஈயம் கலந்த பெட்ரோல் இங்கே 1998இலேயே நின்றுவிட்டது. ஆனால் தொழிற்சாலை, கப்பல், வாகனத் தேய்மானம் ஆகியவற்றிலிருந்து வரும் உலோகம் நிற்பதில்லை.

நாங்கள் ஏணி வைத்துக் குனிந்திருக்க, புல் வெட்டிக்கொண்டிருந்த தம்பி இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தார். திருவாரூர்க்காரர். "மரத்துக்கு ஏதும் நோயாக்கா?" என்று கேட்டார். நோய் இல்லை, இது பட்டையை இடமாக மட்டும்தான் பயன்படுத்துகிறது, மரத்தின் சாற்றை உறிஞ்சாது என்றேன். சுரண்டி எடுக்கச் சொல்பவர்களையும் அவர் பார்த்திருக்கிறாராம். அப்புறம் அவரே ஒரு விஷயம் சொன்னார்: "பட்டை உரியுற மரத்துல இது நிக்காதுக்கா. அந்தா அந்த மரத்துல ஒண்ணுமே இருக்காது, பாருங்க." போய்ப் பார்த்தோம், கொய்யா மரம். ஒன்றுமே இல்லை. லைக்கன்கள் பலவும் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும், கொய்யாவோ அதற்குள் தோலை மாற்றிவிடும். கணக்கெடுப்பில் எல்லா இடத்திலும் ஒரே வகை மரத்தை எடுக்கவேண்டும் என்ற விதியை இதைவிடத் தெளிவாக வகுப்பில் யாரும் விளக்கிவிட முடியாது.

தூங்குமூஞ்சி மரங்களிலும் வைத்துப் பார்த்தோம். 1876இல் சிங்கப்பூருக்கு வந்த மரம், இன்று சாலைகளின் குடை. கிளைகளில் பெரணிகள் அடர்ந்து தொங்குகின்றன. காசு அளவு தடித்த இலைகளோடு படரும் டிராகன் செதில் பெரணி மூடிய இடத்தில் லைக்கனுக்கு இடமே மிச்சமில்லை.

நான்கு திசை விதியை இங்கே அப்படியே வைக்கலாமா என்று யோசித்தேன். ஐரோப்பாவில் வடக்குப் பக்கம் பெரும்பாலும் நிழல், ஈரம். சிங்கப்பூரோ நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகை வடக்கே. ஆண்டில் பாதி சூரியன் வடக்கே, பாதி தெற்கே. இங்கே சாலைப் பக்கமா, புளோக் நிழல் விழும் பக்கமா என்பதே பெரிய வேறுபாடு. திசையோடு அதையும் குறிப்பேட்டில் எழுதவேண்டும் என்று முடிவு செய்தோம்.

இரவு ஒன்பது மணிக்கு மறுபடி கீழே இறங்கினோம், கையில் புற ஊதா டார்ச். அந்த ஒளி கண்ணுக்குக் கேடு என்பதால் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் அடிக்கவேண்டும். பகலில் சாம்பலாகத் தெரிந்த ஒரு மரத்தில் வெளிச்சத்தை ஓட்டியதும், டிரினேரியாக்கள் மங்கலாகவே கிடக்க, இடையிடையே சில திட்டுகள் மட்டும் பளீர் மஞ்சளாக எரிந்தன. பிக்சினே கோகோயஸ். அதன் மேல்தோலில் லைக்கெக்சாந்தோன் என்ற வேதிப்பொருள் இருக்கிறது, புற ஊதாக் கதிரை வாங்கி ஒளிர்கிறது. பகலில் எனக்கே இரண்டையும் பிரித்தறிய நேரம் பிடிக்கும், இரவில் அக்கா மகள் நொடியில் எண்ணி முடித்தாள். மேலே வந்ததும் அக்காவை இழுத்துப்போய்க் காட்டினாள். அக்கா அதற்குப் பிறகு மரப்பட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நாளைக்கு எங்கே போகிறோம் என்றுதான் கேட்டாள்.

செவ்வாய்

பகல் முழுக்க மழை. குறிப்புகளைச் சுத்தமாக எழுதினேன். வேறொன்றும் இல்லை.

புதன், பூலாவ் உபின்

சாங்கியிலிருந்து பம்போட் என்ற சிறு படகில், பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் கிளம்பினார்கள். அக்காவும் வந்தாள். உபின் கருங்கல் தீவு. 1851இல் எரியத் தொடங்கிய ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்குக் கல் இங்கிருந்து போனது. குவாரிகள் 1999இல் ஓய்ந்தன. கல்லிலும் லைக்கன் உண்டு, ஆனால் எனக்கு வேண்டியது பழைய தோட்டங்களில் தப்பி நிற்கிற ரப்பர் மரங்கள். வெளிச்சம் படும் ஓரத்தில் நின்ற ரப்பர் மரத்தில் பெரிய பெரிய வெள்ளை வட்டங்கள், உள்ளங்கையை விரித்தாலும் மூடாது. வருடத்துக்குச் சில மில்லிமீட்டர் என்று கணக்குப் போட்டால் அந்த வட்டத்துக்கு வயது என்ன இருக்கும் என்று அக்கா கேட்டாள். நிமிர்ந்து அந்த மரத்தைப் பார்த்தோம்.

ஏணியில் ஈசூனைவிட அதிக வகைகள் வந்தன. "அப்போ இங்க காத்து சுத்தம்னு எழுதலாமா?" என்றாள் அக்கா மகள். எழுதக்கூடாது என்றேன். மரம் வேறு, கடல் ஈரம் வேறு, வெளிச்சம் வேறு. காற்றும் வேறாக இருக்கலாம், ஆனால் அதைத் தனியே பிரிக்க இரண்டு இடத்திலும் ஒரே வகை மரம், ஒரே மாதிரி வெளிச்சம் வேண்டும். இல்லாவிட்டால் ஒரே மரத்தைப் பல ஆண்டு தொடர்ந்து பார்க்கவேண்டும். இரண்டாவதுதான் சாதாரண ஆட்களால் செய்ய முடிந்தது.

சிங்கப்பூரில் பிஎஸ்ஐ என்ற காற்று மாசுக் குறியீட்டு அளவு வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, மத்தி என்று ஐந்து வட்டாரத்துக்கு வருகிறது. 2013 ஜூன் 21 அன்று புகைமூட்டத்தில் அது 401 தொட்டதை இங்கே யாரும் மறக்கவில்லை. அந்த அளவு மணிக்கு மணி துல்லியமாகத் தெரியும், மரப்பட்டை அதைச் சொல்லாது. மரப்பட்டை சொல்வது பல ஆண்டுகளின் கூட்டுக்கணக்கு, அதுவும் உங்கள் புளோக் வாசலில். எவ்வளவு ஆழமாகச் சொல்லும் என்பது நாம் எத்தனை மரத்தை, எத்தனை காலம், எவ்வளவு நேர்மையாகப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. இதற்கு ஆள் இல்லை என்பதே என் குறை. பறவை பார்க்க எத்தனை பேர், பட்டாம்பூச்சிக்கு எத்தனை பேர்! படல லைக்கன்களைப் பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே குறைவு.

அக்கா மகள் புளோக்கைச் சுற்றியுள்ள அங்சானாக்களைத் தேர்ந்தெடுத்துவிட்டாள். ஆண்டுக்கொரு முறை, ஒரே மாதத்தில், ஒரே சதுரத்தைப் படம் எடுப்பாளாம். சிங்கப்பூரில் இதைப் படிக்கிறவர்கள் சேர்ந்துகொள்ளலாம். மரத்தின் வகை, தரையிலிருந்து உயரம், சாலைப் பக்கமா நிழல் பக்கமா என்பது, மழைக்கு முன்பா பின்பா என்பது, எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். சுரண்டாதீர்கள், ஆணி அடிக்காதீர்கள். படத்தில் அளவு தெரிய ஓர் ஐம்பது காசு நாணயத்தைப் பட்டையோடு பிடித்துக்கொண்டு எடுங்கள், பிளாஷ் வேண்டாம்.